கால் போத்தலும் முதலாளியம்மாவின் கடலையும்

சாராயக் கடையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்று சொன்னால், புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். கொஞ்சம் பின்னுக்குச் சரிந்து, மூக்கைச் சுருக்கி, என்னை மணந்து பார்ப்பார்கள். மருந்துக்கடையில் நின்றவனிடம் "எத்தனை குளிசை விழுங்கினீர்?" என்று யாரும் கேட்பதில்லை. இந்தச் சோதனை எனக்கு மட்டும்தான்.

போன கிழமை கடையிலிருந்து தொலைபேசி வந்தது. இப்போது அங்கே மனேஜராக இருக்கிறவர் கெட்டிக்காரர். பில் அடிக்கக் கணினி, மூலைக்கு மூலை கமரா, போத்தல் ஸ்ரிக்கரைச் சோதிக்கத் தொலைபேசி என்று எல்லாம் அவர் கைக்குள் இருக்கிறது.

"அங்கிள், கவுண்டருக்குப் பக்கத்தில மதகைப் பார்த்தபடி இருக்கிறதுக்கு ஒரு பழைய வாங்கு கிடக்குதல்லோ? அதை எடுத்துப்போட்டு பியர் கொம்பனி தந்த பிரிட்ஜை வைக்கலாமெண்டு நினைச்சன். முதலாளி தொடவே விடுறார் இல்லை. ஏனெண்டு கேட்டா, சிவத்தைக் கேளுமெண்டுறார்."

"தம்பி, அது தொலைபேசியில சொல்லுற கதையில்லை. எழுதித் தாறன்" என்றேன். எழுத உட்கார்ந்தால் வாங்கின் கதை மட்டும் தனியாக வர மறுக்கிறது. கடையையும் முதலாளியையும் இழுத்துக்கொண்டுதான் வருகிறது.

கடை முரசுமோட்டைப் பக்கம், வீதியோரத்தில். எதிரே வாய்க்கால், அதற்கு ஒரு மதகு, அதற்கு அப்பால் வயல். சண்டை முடிந்து சனம் திரும்பி வந்து, கிடைத்த தகரத்தில் கூரை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் நான் அங்கே சேர்ந்தேன். அதற்கு முன் சங்கக் கடையில் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுத்தவன். நேர்முகத் தேர்வுக்கு முதலாளி இரண்டே கேள்விதான் வைத்திருந்தார்.

"குடிப்பீரோ?"

"இல்லை."

"குடிக்கிறவங்களைக் கண்டா எரிச்சல் வருமோ?"

"அதுவும் இல்லை."

"அப்ப நாளைக்கே வாரும். குடிக்கிறவன் கடையைக் குடிச்சுப்போடுவான். எரிச்சல்காரன் வாற சனத்தைக் கலைச்சுப்போடுவான்."

இதுதான் எனக்கு நடந்த பயிற்சி. மீதி எல்லாவற்றையும் நின்று பார்த்துப் படித்தேன்.

கனகசபை முதலாளி வாழ்நாளில் ஒரு துளி குடித்தவர் அல்ல. காலையில் விபூதி பூசிக்கொண்டு வந்து, ஈரத் துணியால் ஒவ்வொரு போத்தலாகத் துடைப்பார், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்துகிற மாதிரி. நான் ஒரு நாள் அவசரத்தில் ஒரு போத்தலைக் கழுத்தில் பிடித்துத் தூக்கினேன். "ஐசே, கழுத்தில பிடிக்காதையும், அவருக்கு மூச்சு முட்டும்" என்றார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போத்தல்களுக்கு அவர் முறை வைத்திருந்தார். முழுப் போத்தல் பெரியவர். அரைப் போத்தல் நடுவார். கால் போத்தல் சின்னவன். சேர்ந்த கிழமையே எனக்கு விலைப் பாடம் நடந்தது.

"இந்தா, விலையைப் போத்தலிலயே அடிச்சு அனுப்புறாங்கள். அதுக்கு மேல ஒரு ரூபா வாங்கினாலும் மதுவரிக்காரர் வந்து பூட்டுப் போடுவினம். அப்ப கடைக்காரன் எப்பிடிச் சீவிக்கிறது? சொல்லும் பாப்பம்."

"கன போத்தல் விக்கவேணும்."

"கன போத்தல் இல்லை ஐசே. எந்தப் போத்தல் எண்டதுதான் கேள்வி."

பிறகு விளக்கினார். கால் போத்தல் என்பது பெயரளவில்தான் கால். நான்கு காலை ஒன்றாக ஊற்றினால் முழுப் போத்தல் நிரம்பாது, ஒரு மிடறு குறையும். நான்கின் விலையையும் கூட்டினாலோ முழுப் போத்தலின் விலையைத் தாண்டிப் போய்விடும். கடைக்கு நிற்கிற மிச்சமும் சின்னவனில்தான் அதிகம். கையில் காசு குறைந்தவன்தான் சின்னவனை வாங்குவான். ஆகவே ஊரில் காசு குறையக் குறையக் கடைக்கு மிச்சம் கூடும். அறுவடை முடிந்து சனம் சட்டைப்பை வீங்கி வருகிற மாதத்தில் பெரியவர் ஓடுவார். விதைப்புக் காலத்தில், உரக்கடைக்கும் உழவு மெசினுக்கும் கொடுத்து வெறுங்கையாய் நிற்கிற மாதத்தில், சின்னவன் ஓடுவான்.

"பெரியவர் வாடகை கட்டுவார். சோறு போடுறவன் சின்னவன்" என்று முடித்தார். இதை அவர் ஒரு நாளைக்கு ஒரு தரமாவது சொல்லுவார்.

சின்னவனை வளர்க்க அவர் கடையையே அதற்கேற்றபடி கட்டியிருந்தார். கால் போத்தல்கள் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும். அரைப் போத்தலுக்கு எட்ட வேண்டும். முழுப் போத்தல் கூரைக்குக் கீழே மேல் தட்டில் இருந்தது. அதற்கு ஏணி வைத்து ஏற வேண்டும், அந்த ஏணியும் ஆடுகிற ஏணி. நான் ஏணியில் கை வைத்தாலே எங்கள் சனத்துக்கு மனம் கேட்காது. "ஐயோ அண்ணை, விடுங்கோ, இந்த வயசில ஏறி விழுந்திடாதேங்கோ. கையில இருக்கிறதில ரெண்டைத் தாங்கோ" என்பார்கள். எங்கள் சனத்தின் இரக்கத்தை இலாபமாக மாற்றிய ஒரே ஏணி அதுதான்.

பெயர்ப் பலகையில் வைன் என்று பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே இருந்த வைன் விரல் விட்டு எண்ணக்கூடிய போத்தல்தான். அவற்றுக்குத் தூசு தட்டுவது என் காலை வேலை. "வைனுக்கு வயசு போகப் போக மதிப்புக் கூடுமாம். எங்கட கடையில தூசுதான் கூடுது" என்பார் முதலாளி. ஒரு மார்கழியில் ரீச்சர் அம்மா ஒருவர் நத்தார் கேக்குக்கென்று ஓட்டோக்காரரிடம் சொல்லி ஒரு பிராண்டி எடுப்பித்தார். ஓட்டோக்காரர் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி "கேக்குக்கு அண்ணை, கேக்குக்கு" என்று வாங்கிப் போனார். அன்று தொட்டு மார்கழி முழுவதும் ஊரில் எல்லோரும் கேக் சுட்டார்கள். பூநகரியிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கிற அருளப்பர் சித்திரையிலும் சுட்டார்.

பியர், முதலாளிக்கு இரத்த அழுத்தம் தருகிற சாமான். எங்கள் வெயிலில் குளிராத பியரை யாரும் தொடமாட்டார்கள். ஆனால் குளிருக்கென்று தனிக் காசு வாங்க முடியாது, மின்சாரக் கட்டணமோ முதலாளியின் தலையில். பிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு எது நல்ல குளிர் என்று தடவிப் பார்க்கிறவரைக் கண்டால் துடித்துப் போவார். "தம்பி, உள்ளுக்கை குடிபுகப் போறீரோ? பாயும் தலையணையும் தரட்டோ?"

இனிக் கடலைக்கு வருகிறேன். முதலாளியம்மா மகேசுவரி அக்கா வீட்டில் கொண்டைக்கடலை அவித்து, செத்தல் மிளகாயும் தேங்காய்ச் சொட்டும் போட்டுத் தாளித்து, ஒரு தகர டின்னில் கொடுத்துவிடுவா. கச்சான் என்கிற நிலக்கடலையும் வறுத்துச் சுருள் கட்டி அனுப்புவா. முதலாளி அந்த டின்னைக் கணக்குப் புத்தகங்களுக்குப் பின்னால், ஆள் கண்ணில் படாத மூலையில் வைப்பார்.

"சாராயம் விக்கிற இடத்தில சுண்டல் கடையே? வீட்டில சமாதானத்துக்காகக் கொண்டுவாறன். நீர் கணக்கெடுக்காதையும்" என்பார். பின்னேரம் பாதி டின் திரும்பிப் போகும். அக்கா ஒன்றும் சொல்ல மாட்டா. மறுநாள் முழு டின்னாக வரும்.

கடைக்கு எதிரே மதகு என்றேன் அல்லவா? அந்த மதகுக் கட்டில் பின்னேரமானால் ஆட்கள் குந்தியிருப்பார்கள். கடை வாசலில் குடிக்கக்கூடாது என்பது சட்டம், அவர்கள் குடிக்க வந்தவர்களும் அல்ல. கணக்குப் பார்க்கிறவர்கள். சட்டைப்பையைத் தடவுவார்கள், வானத்தைப் பார்ப்பார்கள், எழும்புவார்கள், திரும்பக் குந்துவார்கள். ஒவ்வொருவராக வந்து கால் போத்தலை வாங்கிக்கொண்டு, தனியே போய், தண்ணீரைக் கலந்து ஒரே இழுப்பில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

ஒரு நாள் மேசன் பொன்ராசா காலுக்குக் காசு பற்றாமல் குந்தியிருந்தார். பக்கத்தில், பூநகரிக்குப் போகும் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு அருளப்பரும் அதே நிலையில் இருந்தார். ஒருவரை ஒருவர் தெரியாது. நான் கவுண்டரில் இருந்தபடியே கேட்டேன்.

"பொன்ராசா, பக்கத்தில இருக்கிறவரோட சேர்ந்தா ஒரு நடுவார் வருவாரே? ரெண்டு காலை விட மலிவு, அளவும் கூட."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பெண் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்கள்.

"ஆள் ஆரெண்டு தெரியாதே அண்ணை" என்றார் பொன்ராசா.

"நல்ல மனுசன். நான் பொறுப்பு."

"குடிச்சா என்ன செய்வார்?"

"அழுவார்."

பொன்ராசா யோசித்தார். "நான் பாடுவன். சரி, பொருந்தும்."

அப்படித்தான் தொடங்கியது. வந்தவரின் முகத்தைப் பார்த்தே இவர் யாரோடு பொருந்துவார் என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன். சோடா கலக்கிறவரையும் தண்ணீர் கலக்கிறவரையும் சேர்க்கலாம், சண்டை வராது. அரசியல் கதைக்கிற இருவரைச் சேர்க்கவே கூடாது. மனைவியைப் பற்றி முறையிடுகிறவருக்குக் கலியாணமாகாதவர்தான் சரி, வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். கடன் கேட்கிறவரை யாரோடும் சேர்க்க முடியாது, அவருக்குச் சாதகத்திலேயே தோஷம். சனம் எனக்குத் தரகர் என்று பெயர் வைத்தது. "தரகரண்ணை, எனக்கொரு இடம் பாருங்கோ. அமைதியான பகுதியாப் பாருங்கோ, போன மாப்பிள்ளை மூக்குச் சிந்தித் துலைச்சிட்டான்" என்று கேட்டு வருவார்கள்.

எனக்கு அது சந்தோசம். சின்னவனுக்கு அது சன்னி. விதைப்பு மாதத்தில், சோறு போட வேண்டிய நேரத்தில், கால் போத்தல் அசையாமல் நின்றது.

முதலாளி ஒரு பின்னேரம் கதிரையைப் போட்டுக் கடைக்குள் உட்கார்ந்தார். நான் பழக்க தோஷத்தில் ஒரு பொருத்தம் பார்த்து முடித்துவிட்டேன். சனம் போகும் வரைக்கும் இருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"ஐசே சிவம், நீர் ஆரின்ர சம்பளத்தில நிக்கிறீர்?"

"உங்கட."

"அப்ப ஏன் ஊருக்கு உத்தியோகம் பாக்கிறீர்? அவன் தனியா வாறான், தனியாக் குடிக்கிறான், தனியாப் போறான். நீர் குறுக்கால போய் அவனைக் குடும்பமாக்கிறீர். குடும்பமானவன் சிக்கனம் பாப்பான். இந்த மாசம் முடியிறதுக்குள்ள சின்னவன் எழும்பி ஓடவேணும். இல்லாட்டி நீர் வேற இடம் பாரும்."

அவர் குரல் உயரவில்லை. அதனால்தான் பயம் வந்தது. ஐம்பதைத் தாண்டிய, அரிசியும் சாராயமும் தவிர வேறொன்றும் தெரியாத ஆளை யார் வேலைக்கு எடுப்பார்கள்? மகள் வவுனியாவில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். நான் தரகை விட்டேன். மதகு கண்ணில் படாதபடி கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டேன். முதுகுக்குப் பின்னாலும் சனம் விடவில்லை.

"தரகரண்ணை துறவியாப் போயிட்டார்!"

"கோவமோ அண்ணை? தட்சணை காணாதோ?"

நான் சுவரைப் பார்த்தபடியே கால் போத்தலை எடுத்து நீட்டுவேன். சின்னவன் கொஞ்சம் அசைந்தான். ஓடவில்லை. ருசி கண்ட சனம் தாங்களே சோடி சேரத் தொடங்கியிருந்தது.

அந்த மாதத்தில் முதலாளி மலைபோல நம்பியிருந்தது இரண்டு பேரை. தம்பிஐயா, நாகலிங்கம். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வயல், நடுவில் ஒரு வரம்பு. தம்பிஐயாவின் உழவு மெசின் அந்த வரம்பை உடைத்ததா, வரம்பே தம்பிஐயாவின் காணிக்குள் நடந்து வந்ததா என்பதில் பிணக்கு. வருடக் கணக்காகப் பேச்சில்லை. நாள் தவறாமல் ஆளுக்கொரு கால் வாங்குவார்கள், வேறு வேறு நேரத்தில். ஒருவர் சைக்கிள் தெரிந்தால் மற்றவர் வாய்க்கால் கரையில் நின்று, அது போன பிறகுதான் வருவார். "உவை ரெண்டு பேரும் கதையாமல் இருக்கிறது கடைக்குக் கிடைச்ச வரம்" என்பார் முதலாளி. கோயிலில் அவர்களுக்காக அர்ச்சனை செய்திருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம்.

மாதக் கடைசியில் போயா, பௌர்ணமி விடுமுறை, வந்தது. போயாவன்று கடை பூட்டு. அதனால் முதல் நாள் எல்லோரும் இரண்டு நாளுக்குச் சேர்த்து வாங்குவார்கள். அன்றைக்கென்று மழை, போத்தல் ஏற்றி வரும் பாரவண்டி வரவில்லை. சனம் குவிந்ததால் முதலாளியும் என்னோடு கவுண்டரில் நின்றார். பொழுது சாய்கிற நேரத்தில் கால் போத்தல் முடிந்தது. சற்றுப் பொறுத்து அரைப் போத்தலும் முடிந்தது. மேல் தட்டில் பெரியவர் மட்டும்தான்.

அந்த நேரம் பார்த்து மழைக்கு ஒதுங்கி ஒரு பக்கத்தால் தம்பிஐயா உள்ளே வந்தார், மறுபக்கத்தால் நாகலிங்கம் வந்தார். வெளியே ஓட முடியாத மழை. கவுண்டரின் இரண்டு தொங்கலிலும் முதுகு காட்டி நின்றார்கள்.

"ரெண்டு கால் தாங்கோ முதலாளி, இண்டைக்கொண்டு நாளைக்கொண்டு" என்றார் தம்பிஐயா.

"எனக்கும் அதுதான்" என்றார் நாகலிங்கம், கூரையைப் பார்த்து.

"கால் முடிஞ்சுது."

"அரை?"

"அதுவும் முடிஞ்சுது. பெரியவர் இருக்கிறார்."

"பெரியவருக்குக் காசில்லை" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பல வருடத்துக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போன முதல் விசயம் அதுதான்.

"சரி, மழை விட்டாப் பரந்தனுக்குப் போவம்" என்று தம்பிஐயா சைக்கிளைப் பார்த்தார். பரந்தனில் வேறு கடை. முதலாளி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். வேலை எனக்கு முக்கியம். வாயைத் திறந்தால் தரகு.

முதலாளியின் கழுத்து நரம்பு புடைத்தது. வந்த சனம் வெறுங்கையோடு போவதை அவரால் தாங்க முடியாது. ஒரு தரம் இருமினார்.

"உங்களுக்கு அரைவாசி வேணும். அவருக்கும் அரைவாசி வேணும். பெரியவர்... ரெண்டு அரைவாசிதானே?"

"அவரோடயோ?" என்றார் நாகலிங்கம்.

"அவரோட வேண்டாம். போத்தலோட சேருங்கோ. காசும் மிச்சம்."

"எவ்வளவு மிச்சம் எண்டு கேளுங்கோ" என்றார் தம்பிஐயா, முதலாளியையே முதலாளியிடம் கேட்கச் சொல்லி. முதலாளி சொன்னார். இரண்டு தொங்கலிலும் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார்கள்.

"ஊத்துறது ஆர் எண்டு அவரிட்டைக் கேளுங்கோ முதலாளி" என்றார் தம்பிஐயா.

"ஒராள் ஊத்துங்கோ, மற்றாள் முதல்ல எடுங்கோ. அதுதான் நீதி."

"போத்தலை ஆர் கொண்டுபோறது? வரம்பைத் திண்டவர் போத்தலை விடுவாரோ?" என்றார் நாகலிங்கம்.

"ஆர் வரம்பைத் திண்டது?"

நான் அதற்குள் ஏணியில் ஏறிவிட்டேன். இந்த முறை ஒருவரும் "விழுந்திடாதேங்கோ" என்று சொல்லவில்லை. இறக்கி வைத்ததும் நாகலிங்கம் கழுத்தைப் பிடித்தார், தம்பிஐயா அடியைப் பிடித்தார். பிறந்த பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுபோகிற மாதிரி, நடுவில் போத்தலைப் பிடித்தபடி, தூறலுக்குள் மதகைத் தாண்டி எதிரே வயலோரம் இருந்த வாடிக் கொட்டிலுக்குள் போனார்கள்.

சற்று நேரத்தில் நாகலிங்கம் திரும்பி வந்தார். "ஒரு சோடா. அவரின்ர தண்ணியில நான் குடிக்க மாட்டன்."

அவர் போகத் தம்பிஐயா வந்தார். "அவர் சோடா வாங்கினாராம். நானென்ன குறைஞ்சவனே? கடிக்க என்ன இருக்கு?"

நான் புத்தகங்களுக்குப் பின்னாலிருந்து டின்னை எடுத்தேன். கடலை போனது. மறுபடி நாகலிங்கம். "அவரின்ர கடலையைத் திண்டா நாளைக்குச் சொல்லிக் காட்டுவார். எனக்கு வேறையாத் தாங்கோ. கச்சானும் தாங்கோ." மறுபடி தம்பிஐயா. "அவர் கச்சான் வாங்கினாராம்." பகைக்கு அவ்வளவு பசி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நாங்கள் கடையைப் பூட்டுகிறபோது வாடிக்குள்ளிருந்து வரம்புக் கதை கேட்டது. பிறகு சிரிப்புக் கேட்டது. டின் வெறுமையாக இருந்தது.

போயா முடிந்து கடை திறந்த அன்று இரண்டு சைக்கிள் ஒன்றாக வந்து நின்றது.

"சிவமண்ணை, பெரியவரை இறக்குங்கோ. ரெண்டு சோடா, கடலை."

அவர்கள் போன பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார். மாதம் முடிந்துவிட்டது. கதிரையில் இருந்தார், நான் நின்றேன்.

"நாளுக்கு ரெண்டு கால் போச்சுது, ஐசே. என்ர கையில இருந்த ரெண்டு தங்கம்."

"முதலாளி, அந்தப் பொருத்தத்தை நான் பாக்கேல்லை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஈரத் துணியை நாலாக மடித்து வைத்தார். பிறகு அந்தத் தகர டின்னைக் கேட்டார். வாங்கிக் கவிழ்த்துத் தட்டினார். ஒரு கடலைகூட விழவில்லை. டின்னின் அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில விலை அடிச்சிருக்கோ?"

"கடலைக்கு ஆர் முதலாளி விலை அடிக்கிறது?"

"கச்சானுக்கு?"

"அதுக்கும் இல்லை."

தொலைபேசியை எடுத்து வீட்டுக்கு அழைத்தார். அக்காவின் குரல் எனக்கும் கேட்கிற அளவுக்குக் கணீரென்று வந்தது.

"கடலை முடிஞ்சுதாம்..." என்று முதலாளி தொடங்கினார்.

"தெரியும். போயாவண்டே ரெண்டு மடங்கு ஊறப்போட்டிட்டன். தனியக் குடிக்கிறவன் கடலை வாங்குவானே? கடலை வேணுமெண்டா கதைக்க ஆள் வேணும். எனக்கு எப்பவோ தெரியும், நீங்கள்தான் கேக்கேல்லை."

முதலாளி தொலைபேசியை வைத்தார். எழும்பிப் போய்ப் பின் அறையிலிருந்து ஒரு வாங்கைத் தானே இழுத்துக்கொண்டு வந்து, கவுண்டருக்குப் பக்கத்தில் போட்டு, ஒரு முனையை உதைத்து, மதகு முழுவதும் தெரிகிற மாதிரிச் சரிப்படுத்தினார். டின்னை எடுத்துக் கவுண்டரின் நடுவில் வைத்தார்.

"இதில இரும். அங்கை ரெண்டு பேர் கணக்குப் பாக்கிறாங்கள். கெதியாப் பாரும், பொருந்துமோ எண்டு."

"அப்ப சின்னவன்?"

"அவன் சோறு போடட்டும் ஐசே" என்றார் முதலாளி. "இவ்வளவு காலமும் கறியில்லாமலே திண்டிருக்கிறம்."